சபாநாயகர் கதிரையில் நம்மவர்கள்

இலங்கைப் பாராளுமன்றத்தில் மூன்று முஸ்லிம்கள் சபாநாயகர்களாக இருந்திருக்கிறார்கள். புத்தளத்து எச்.எஸ். இஸ்மாயில், பேருவளையின் எம்.ஏ. பாக்கீர் மாக்கார், கொழும்பின் எம்.எச். முஹம்மத். கிழக்கிலிருந்து ஒருவருமில்லை. இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் பெருமையோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வரும்: "நம்ம ஆள் அந்தக் கதிரையில இருந்தும் நமக்கு என்ன செஞ்சார்?"

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கதிரை எப்படிப்பட்டதென்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். சபாநாயகர் விவாதத்தில் பேசமாட்டார். இரு பக்கமும் வாக்கு சமமாக விழுந்தால் மட்டுமே அவருக்கு வாக்கு. சபையில் எல்லோருக்கும் பேச இடம் கொடுப்பவர், தன் தொகுதிக்காக வாய் திறக்க முடியாது.

இஸ்மாயில் 1956 ஏப்ரலில் தெரிவானார். இரண்டே மாதத்தில் தனிச் சிங்களச் சட்டம் சபைக்கு வந்தது. 56க்கு 29 என்று நிறைவேறியது. தென்னிலங்கை முஸ்லிம் தலைவர்களில் சேர் ராசிக் பரீத் சிங்களத்தை ஆதரித்தார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கிழக்கு முஸ்லிம்களுக்கோ இது வயிற்றுப்பாட்டுக் காரியம். அதே ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டியது. அக்கட்சியின் சார்பில் பாராளுமன்றம் போனவர்களில் கிழக்கு முஸ்லிம்களும் உண்டு. நாடு இப்படி இரண்டாகப் பிரிந்து நின்ற வேளையில் இஸ்மாயில் நடுவில் இருந்து நேரம் பார்த்துக் கொடுத்தார். அவருடைய கதிரைக்கு அதுதான் வேலை.

பாக்கீர் மாக்காரின் நிலை இதைவிடக் கடினம். 1978 அரசியலமைப்பின்படி ஒரு சட்டமூலம் சட்டமாவது சபாநாயகர் சான்றுரை எழுதும்போதுதான். முன்பு மகாதேசாதிபதியின் சம்மதம் இருந்த இடத்தில் இப்போது சபாநாயகரின் கையொப்பம். 1983 ஜூலைக் கலவரம் அடங்கிய கையோடு, பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்று உறுப்பினர்களைச் சத்தியம் செய்யச் சொல்லும் ஆறாவது திருத்தம் ஓகஸ்டில் நிறைவேறியது. அதில் ஒப்பமிடும் கடமை அவருக்கு. அந்த மாத முடிவிலேயே அவர் பதவியிலிருந்து நீங்கினார். சத்தியம் செய்ய மறுத்துச் சபைக்குப் போகாமலிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். 1977இல் திருகோணமலை மக்கள் அனுப்பிய இரா. சம்பந்தனும் அவர்களில் ஒருவர். திருகோணமலைத் தொகுதியின் குரல் அன்று சபையில் இல்லாமல் போனது. இதற்குப் பாக்கீர் மாக்காரைக் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சபை முடித்துவிட்ட ஒன்றுக்கு ஒப்பமிடாமலிருக்க அவருக்கு வழியில்லை. ஆனாலும் அந்தக் கையொப்பத்தின் பாரம் லேசானதல்ல.

கதிரைக்கு மெய்யான அதிகாரம் வந்தது முஹம்மதின் காலத்தில்தான். 1991இல் ஜனாதிபதி பிரேமதாசாவுக்கெதிரான குற்றப்பிரேரணையை முதலில் ஏற்றுக்கொண்டவரும், பிறகு கையொப்பங்களில் குறை கண்டு தள்ளியவரும் அவரே. ஒரு ஜனாதிபதியின் விதி அவர் கையில் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1990இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். வடக்கு முஸ்லிம்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். அந்த ஆண்டும் சபாநாயகர் நம்மவர்தான்.

தாய்லாந்திலும் இதேபோல ஒருவர் உண்டு. யாலாவின் மலாய் முஸ்லிம், ஆசிரியராயிருந்து அரசியலுக்கு வந்த வான் முஹம்மத் நூர் மாத்தா. 1996 முதல் 2000 வரை சபாநாயகர். பின்னர் தக்சின் அரசில் போக்குவரத்து, உள்துறை அமைச்சர். பதவியில் உயர உயர ஊர் அவரைவிட்டு விலகியது. 2004 ஒக்டோபரில், நோன்பு மாதத்தில், தக் பாயில் கைதானவர்களை இராணுவ லொறிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டுபோனார்கள். மூச்சுத் திணறி 78 பேர் இறந்தார்கள். மொத்தம் 85 உயிர்கள். அவர் அந்த அரசிலேயே இருந்தார். 2005 தேர்தலில் தெற்கு மக்கள் அவருடைய அணியைத் தோற்கடித்துக் கணக்கைத் தீர்த்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் மீண்டும் எழுந்தார். 2018இல் பிரச்சாச்சாத் கட்சி தொடங்கியபோது அதன் தலைவரானார். 2023 ஜூலையில் இரண்டு பெரிய கட்சிகளும் சபாநாயகர் பதவிக்கு மல்லுக்கட்டியபோது பொதுவான ஆளாக அவரைத்தான் தேடிப் பிடித்தார்கள். வயது 79.

தக் பாய் வழக்குக்கு இருபது வருடக் காலவரம்பு. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர், அன்று அப்பகுதி இராணுவத் தளபதியாயிருந்தவர், வழக்கு எடுக்கப்பட்டபோது ஆளுங்கட்சி உறுப்பினராக அதே சபையில் இருந்தார். 2024 ஒக்டோபர் 25ஆம் திகதி காலவரம்பு முடிந்தது. எதிரிகள் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. அப்போதும் சபாநாயகர் கதிரையில் வான் நூர்தான் இருந்தார்.