எஞ்சின் இல்லாத வானம் – 9: கடைசி நூறு மீட்டர்

வெயிலில் சூடேறி மேலெழும் காற்றுத்தூணான தெர்மலில் வட்டமிட்டுக் கிளைடர் உயரம் பெறுகிறது என்பதும், அந்த உயரத்தைச் செலவழித்தே அது முன்னேறுகிறது என்பதும் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டன. பந்தயத்தின் கடைசித் தெர்மலை விட்டபின், எங்கும் வட்டமிடாமல் முடிவுக்கோடு வரை நேராக இறங்கிவரும் பயணம் ‘இறுதிச் சறுக்கு’ எனப்படும். 1 மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னேறும் கிளைடர் ஒன்று, கடலூருக்கு மேலே 1,000 மீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் புறப்பட்டால், ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவிலுள்ள புவனகிரியை 100 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் வந்தடையும். (தொலைவை மனத்தில் கொள்வதற்காக மட்டுமே இவ்வூர்கள் இங்கே சொல்லப்படுகின்றன, பிற்பகலில் உட்புகும் கடற்காற்று தெர்மல்களை அடக்கிவிடுவதால், புணேயின் ஹடப்சர், கான்பூர் ஐ.ஐ.டி. போன்ற உள்நாட்டு இடங்களே இவ்விளையாட்டுக்கு ஏற்றவை.)

மிஞ்சும் அந்த 100 மீட்டரை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நொடிக்கு 2 மீட்டர் வீதம் ஏறுபவர் அதைச் சேர்க்க 50 நொடிகளைச் செலவிட்டாக வேண்டும். தெர்மலின் வலிமையைக் கொண்டு எந்த வேகத்தில் பறப்பது லாபம் என்று கணக்கிடும் முறையை வகுத்தவர், 1956இல் பிரான்சின் சேன்-யானில் உலகப் பட்டம் வென்ற அமெரிக்கர் பால் மெக்கிரெடி. அவ்வகைக் கணக்கில், கோட்டைக் கடந்தபின் கையில் மிஞ்சும் உயரம் வீணடித்த நேரமேயாகும். கணக்கு சரியானதுதான்; ஆனால், கடைசி ஐந்து கிலோமீட்டரில் காற்று கீழ்நோக்கி இறங்கக்கூடும் என்பதற்கு அதில் இடமில்லை.

தாழ்வாகச் சீறிவரும் கிளைடர் பார்ப்பவரை நடுங்கவைத்தாலும், பெரிய ஆபத்து அந்த வேகத்தில் இல்லை. மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் தரையை ஒட்டி வருபவர் மூக்கை உயர்த்தினால் இயக்க ஆற்றல் உயரமாக மாறும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தைக் கைவசம் வைத்துக்கொண்ட பிறகும், காற்றுத்தடையைக் கழிக்காமல் பார்த்தால், ஏறத்தாழ 200 மீட்டர் ஏறலாம், அதாவது சிதம்பரம் கோபுரத்தைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே தாழ்வில் 120 கி.மீ. வேகத்தில் வருபவருக்குக் கிடைப்பது 17 மீட்டரே. அவர் நேராக இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை; வேலியையோ மின்கம்பியையோ தவிர்க்கத் திரும்பினால், இறக்கை தூக்குவிசையை இழந்து கிளைடர் சுழன்று விழும், மீட்பதற்கு உயரமும் இராது. வேகமாக வருபவருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை: மேலேறும் இடத்தில் வேறு கிளைடர்கள் தரையிறங்கக் காத்திருக்கலாம், மெல்லிய வெள்ளை இறக்கைகளை எதிரிலிருந்து காண்பதோ கடினம்.

இதனால்தான் பல போட்டிகளில் தரைமட்டக் கோட்டுக்குப் பதில் ‘முடிவு வளையம்’ பயன்படுத்தப்படுகிறது. மைதானத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் ஆரத்தில் வரையப்படும் இக்கற்பனை வட்டத்தைக் குறித்த உயரத்துக்கு மேலே கடக்க வேண்டும், ஜி.பி.எஸ். பதிவே அதற்குச் சாட்சி. சூதாட்டம் ஒழிவதில்லை; தோற்றாலும் உயிர் போகாத உயரத்துக்கு அது இடம்பெயர்கிறது, அவ்வளவே. புதிய குறை ஒன்றும் வந்து சேர்கிறது. வெளியே பார்க்க வேண்டிய கண்கள் உயரமானியில் நிலைக்கின்றன. உயரம் போதாதவர் விளிம்பில் வேகத்தைக் கொடுத்து உயரம் வாங்க, பின்னால் வருபவரின் பாதையில் மெதுவாகத் தொங்குகிறார். 2005இல் தொடங்கிய கிராண்ட் பிரீ பந்தயங்களைப் போல எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு முதலில் வருபவர் வெல்லும் முறையில், முன்னணியினர் அடுத்தடுத்து வந்து குவிவதால் இந்நெருக்கடி முற்றுகிறது.

தீர்வு வட்டத்தின் அளவைக் காட்டிலும் அபராதத்தின் அளவில்தான் இருக்கிறது. 10 மீட்டர் குறைவுக்கு நாள் முழுவதன் மதிப்பெண்ணையும் பறித்தால், அந்தப் 10 மீட்டருக்காக விமானி விளிம்பில் எதையும் செய்யத் துணிவார். எதையும் பறிக்காவிட்டால் வளையம் இருந்தும் பயனில்லை. மேற்சொன்ன தெர்மலில் 10 மீட்டர் ஏறுவதற்கு 5 நொடி ஆகும்; வெட்டப்படும் மதிப்பெண் அந்த 5 நொடியின் மதிப்பைச் சற்றே மிஞ்சினால் போதும்.