உவர்நீரில் பிழைபடும் எண்

மேற்குப் பக்கத்துப் படுவான்கரை வயல்களிலிருந்து வடிந்து வரும் நன்னீரும் முகத்துவாரத்தின் வழியே ஏறிவரும் கடல்நீரும் கலக்கும் மட்டக்களப்பு வாவி, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள, ஆழம் குறைந்த நீர்ப்பரப்பாகும். மீன்கள் செத்து மிதக்கும் வேளையிலும், கரையோர ஆலையொன்றின் உரிமம் புதுப்பிக்கப்படும் வேளையிலும், இந்த நீரைப் பற்றி எழும் வாதங்கள் யாவும் கடைசியில் ஆய்வுகூட அறிக்கையிலுள்ள ஓர் எண்ணில் வந்து நிற்கின்றன. ஆலையின் மீறலுக்குச் சட்டத்தில் பெயரும் தண்டனையும் உண்டு. ஆனால் அந்த ஆலையின் கழிவுநீரை அளந்து சான்று கூறும் ஆய்வுகூடமே விதி தவறினால், அத்தவறு எந்த வகையைச் சேர்ந்தது, எவ்வளவு கடுமையானது என்ற கேள்வி பொதுவெளியில் அரிதாகவே எழுகிறது. வாவியை நம்பி வலை வீசும் குடும்பங்களுக்கு அத்தவறு ஆலையின் மீறலுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இலங்கையில் இதற்கான அடிப்படை 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமாகும். 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைக் கொண்டுவந்தது. கழிவை வெளியேற்றும் தொழிலகம் எதுவும் குறித்த நியமங்களுக்கு உட்பட்டே இயங்க வேண்டும் என்பது அதன் பொருள். 2008 பெப்ரவரியில் வெளியான வர்த்தமானி அறிவித்தலின்படி, உள்நாட்டு மேற்பரப்பு நீரில் விடப்படும் கழிவுநீரின் உயிர் இரசாயன ஒட்சிசன் கேள்வி, அதாவது நீரிலுள்ள சேதனப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஒட்சிசனின் அளவு, லீற்றருக்கு 30 மில்லிகிராமை மிஞ்சலாகாது. அதே பொருளை வேதிமுறையில் ஒட்சியேற்றத் தேவைப்படும் அளவான இரசாயன ஒட்சிசன் கேள்விக்கு 250 மில்லிகிராம் எல்லையாகும். இந்த எண்களைத் தரும் ஆய்வுகூடத்தின் தகுதியை 2005 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இணக்க மதிப்பீட்டுக்கான அங்கீகாரச் சபை, ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் சர்வதேச நியமத்தைக் கொண்டு மதிப்பிடுகிறது. உரிமம் தொழிலின் தன்மைக்கேற்ப ஓர் ஆண்டுக்கோ மூன்று ஆண்டுகளுக்கோ வழங்கப்படுவதால், ஒரு பிழையான எண்ணின் நிழலில் ஓர் ஆலை மூன்று ஆண்டுகள்வரை வாவிக்குள் கழிவுநீரை விட்டுக்கொண்டிருக்க முடியும்.

அங்கீகாரம் வழங்கும் அமைப்புகள் ஆய்வுகூடத்தின் குறைகளைப் பெருங்குறை, சிறுகுறை என இரண்டாகப் பிரிப்பது பரவலான வழக்கம். இன்னும் நுணுக்கமான பிரிவுக்கு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தை எடுத்துக்காட்டலாம். அங்கு 1995 இல் இயற்றப்பட்ட சட்டம், சிறு மீறல்களைத் திருத்திக்கொள்ள 30 முதல் 90 நாள்வரை தவணை அளிக்கிறது. மீறல் வேண்டுமென்றோ பொறுப்பற்ற முறையிலோ செய்யப்பட்டிருக்கக் கூடாது, மக்களின் உடல்நலத்துக்கு ஏற்படும் ஆபத்து மிகச் சிறிதாக இருக்க வேண்டும், அண்மைக் காலத்தில் அதே தவறு நிகழ்ந்திருக்கக் கூடாது, தவணைக்குள் திருத்தத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பன அதற்கான நிபந்தனைகள். தவறு எந்த விதியில் விழுகிறது என்பதை மட்டும் பாராமல், செய்தவரின் நோக்கத்தையும் அதன் விளைவையும் சேர்த்து எடைபோடுவதே இதன் சிறப்பு. எனினும் எந்த ஏற்பாடும், அளக்கப்படும் நீரின் இயல்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் மட்டக்களப்பில் அரைகுறையாகவே பயன்படும்.

மாதிரி எடுத்த நேரத்துக்கும் சோதனை தொடங்கும் நேரத்துக்கும் இடையே அனுமதிக்கப்படும் கால எல்லையை முதலில் நோக்கலாம். உயிர் இரசாயன ஒட்சிசன் கேள்விக்கான மாதிரி 4 பாகை செல்சியசு அளவில் குளிரூட்டப்பட்டு 48 மணி நேரத்துக்குள் சோதனைக்கு எடுக்கப்பட வேண்டும். மலக்கழிவுப் பற்றீரியங்களைக் கணக்கிடும் சோதனைக்கு உள்ள அவகாசம் அதனினும் மிகக் குறைவு. நீரில் கரைந்துள்ள ஒட்சிசனையோ எடுத்த இடத்திலேயே அளக்க வேண்டும், அல்லது வின்கலர் முறைப்படி மருந்திட்டு அங்கேயே நிலைப்படுத்த வேண்டும். கொழும்பில் உள்ள ஓர் ஆய்வுகூடம் அந்நகரின் மாதிரியைச் சில மணி நேரம் தாமதித்து எடுத்தால் அது சிறுகுறையாகப் பதியப்படலாம். ஆனால் வாவிக்கரையிலுள்ள ஒந்தாச்சிமடத்தில் எடுத்த போத்தல், முப்பது பாகையைத் தாண்டும் வெயிலில் பனிக்கட்டி உருகிய பெட்டியொன்றில் கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பயணிக்கும்போது, அதனுள் உள்ள நுண்ணுயிர்கள் ஓய்ந்திருப்பதில்லை. சேதனப் பொருளின் ஒரு பகுதியை அவை வழியிலேயே தின்று தீர்த்துவிடுவதால், சோதனையில் வரும் எண் உண்மையைவிடக் குறைகிறது; அழுக்கான நீர் காகிதத்தில் தூய்மை பெறுகிறது. மாதிரி வந்து சேர்ந்தபோதிருந்த வெப்பநிலையைக் குறிக்காமல் விடுவது வேறோர் ஊரில் பதிவேட்டுக் குறையாக இருக்கலாம். இங்கு அது முடிவையே ஐயத்துக்குள்ளாக்கும் குறையாகும்.

இரண்டாவது உப்பு. இரசாயன ஒட்சிசன் கேள்வியை அளக்கப் பொட்டாசியம் இருகுரோமேற்றைப் பயன்படுத்துகின்றனர். அது சேதனப் பொருளை மட்டுமன்றி நீரிலுள்ள குளோரைட்டையும் ஒட்சியேற்றுகிறது. ஒரு மில்லிகிராம் குளோரைட்டு, இல்லாத மாசு 0.226 மில்லிகிராம் இருப்பதாகக் காட்டும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. அதில் பாதியளவு உப்புள்ள நீரில்கூட இத்தடங்கலை நீக்காமல் சோதித்தால், மாசே இல்லாத நீர் 2,000 மில்லிகிராமைத் தாண்டிய எண்ணைக் காட்டக்கூடும். மேர்க்கூரிக் சல்பேற்றைச் சேர்த்துக் குளோரைட்டைக் கட்டுப்படுத்தும் வழக்கமான முறை, 2,000 மில்லிகிராம் குளோரைட்டு வரையில்தான் நம்பத்தக்கது. அதற்கு மேல் நீரை ஐதாக்க வேண்டும். ஐதாக்கினால் சிறிய அளவு மாசைப் பிரித்தறியும் திறன் குறையும். தொங்கல் திண்மங்களை அளக்கும்போது வடிதாளில் தங்கும் உப்பை நன்றாகக் கழுவாவிட்டால் அந்த எண்ணும் ஏறும். இப்பிழைகள் யாவும் தொழிலகத்துக்கு எதிராகவே போவதால் வாவிக்குக் கேடில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இறாற் பண்ணையோ மீன் பதனிடும் நிலையமோ அறிக்கை தவறென நிறுவிவிட்டால், அடுத்த முறை வரும் உண்மையான எச்சரிக்கையும் உப்பின் மேல் பழி போட்டு ஒதுக்கப்படும்.

வாவியின் உவர்ப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதுமில்லை. வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில் வாவி நன்னீரை நெருங்குகிறது. கோடையில் மணல் திட்டு வாயை அடைத்து நீர் ஆவியாகும்போது நிலைமை முற்றிலும் மாறுகிறது. மார்கழியில் பொருத்தமான சோதனைமுறை ஆவணியில் பொருந்தாமல் போகலாம் என்பதால், உப்பை அளக்காமல் முறையைத் தேர்ந்த ஆய்வுகூடத்தின் செயலைக் கவனக்குறைவு என்று மட்டும் கூறி விட்டுவிட முடியாது. அந்த நீருக்கு உரிய தகுதியை நிறுவாமலே சான்று வழங்கியது என்ற வகையில் அதைச் சேர்ப்பதே நியாயம். (இரசாயன ஒட்சிசன் கேள்விச் சோதனையின் கழிவில் இரசமும் குரோமியமும் எஞ்சும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதைத் தொட்டியில் ஊற்றிவிடும் ஆய்வுகூடம், தான் காக்க வந்த நீரைத் தானே நஞ்சாக்குகிறது.)

பிழையும் பொய்யும் வேறு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ரிச்சர்ட்சன் நகரில் இயங்கிய இன்டர்டெக் சுற்றாடல் ஆய்வுகூடம், 1990 களின் நடுப்பகுதியில் கருவிகளின் அளவுதிருத்தத் தரவுகளை மாற்றி எழுதிய குற்றத்தை 2001 இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு 90 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அளவுதிருத்தம் என்பது, செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்ப்பதாகும். அது பிழைத்திருந்தால் வேலையை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அது பிழைக்கவில்லை என்று காட்டினர். அந்த ஆய்வுகூடம் வெளியிட்ட எண்களில் பல சரியாகவே இருந்திருக்கக்கூடும், ஆனால் எவை சரி என்று கூற எவராலும் இயலாது போயிற்று. இதனால்தான் தரவைத் திரிப்பதை, அதன் விளைவு எவ்வளவு சிறிதாயினும், தவணை கொடுத்துத் திருத்தும் வகையில் ஒருபோதும் சேர்க்கலாகாது.

திரிப்பதற்கும் தவறுவதற்கும் இடையே மங்கலான ஓர் இடம் உண்டு. சோதனைக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் தொழிலகமே; மாதிரியை எடுத்து ஒப்படைப்பதும் சில வேளைகளில் அதுவே. ஐ.எஸ்.ஓ. 17025 நியமத்தின் 2017 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, வாடிக்கையாளர் கொண்டுவந்த மாதிரியாயின், முடிவுகள் கிடைத்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று அறிக்கையில் குறிக்கப்பட வேண்டும். புழுங்கல் அரிசி ஆலையில் நெல் ஊறிய நீர் வெளியேறும் நாளில் எடுத்த போத்தலும், ஆலை ஓய்ந்த நாளில் எடுத்த போத்தலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். அந்த ஒற்றை வரியை விட்டுவிட்ட அறிக்கை, ஆலையின் கழிவு முழுவதற்கும் சான்று கூறுவதுபோல் அலுவலகக் கோப்பில் அமர்ந்துவிடுகிறது. ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லாத இத்தகைய அறிக்கையை அமைப்புக் குறையாகக் கருதுவோர் உண்டு. மாதிரியை எடுத்தவர் யார், எந்த நாளில், எந்த நேரத்தில், ஆலை ஓடிக்கொண்டிருந்ததா என்பதைச் சொல்லாத அறிக்கையைப் பெருங்குறையாகவே வைக்க வேண்டும் என்பதுதான் வாவியின் பக்கத்து நியாயம்.

நியமத்துக்கு இணங்காத வேலை கண்டறியப்பட்டால் அதை நிறுத்த வேண்டும், முந்தைய முடிவுகளின் மீதான தாக்கத்தை ஆராய வேண்டும், தேவையாயின் வாடிக்கையாளருக்கு அறிவித்து அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 17025 கூறுகிறது. வாடிக்கையாளர் என்ற சொல் இங்கு பணம் கட்டிய தொழிலகத்தையே குறிக்கிறது. அதே எண்ணை நம்பி உரிமம் வழங்கிய அதிகாரசபைக்கும், அந்த நீரில் நண்டும் இறாலும் பிடிக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் திரும்பப் பெற்ற அறிக்கையின் இலக்கமும் காரணமும் எழுத்தில், அதுவும் தமிழில், அதே வாரத்தில் போய்ச் சேர வேண்டும். பெருங்குறைக்கான வரையறையில் இந்த அறிவித்தலை ஒரு கட்டாய நிபந்தனையாகச் சேர்க்கப் புதிய ஆய்வுகூடமோ புதிய கருவியோ தேவையில்லை.