நாலு குடும்பம், ஒரு வேன், ஏழு பிள்ளைகள்!



லீவு விட்டால் எங்கே டூர் போகலாம் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறீர்கள். ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம் என்று நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு ஏக்கம் வரும். காரணம், எங்களை மாதிரி சிறப்புக் குழந்தை உள்ள வீடுகளில் டூர் என்ற பேச்சே எழுவதில்லை. கல்யாணம், காதுகுத்துக்குப் போவதற்கே பத்து தடவை யோசிப்போம். அப்படிப்பட்ட நாங்கள் நாலு குடும்பமாகச் சேர்ந்து, வேன் பிடித்து, ஏலகிரி மலையில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்கிவிட்டு வந்தோம் என்றால் நம்புவீர்களா? எங்களைப் போன்ற தாய்மார்களுக்கு உபயோகமாக இருக்குமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயசு. ஆட்டிசம் உள்ள பிள்ளை. இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச மாட்டான். திடீரென்று சத்தம் கேட்டாலோ, கூட்டத்தைப் பார்த்தாலோ காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். ஆட்டிசம் என்பது மனநோய் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வித்தியாசம். இது தெரியாதவர்கள் "அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவனுக்கு மூத்தவள் பதின்மூன்று வயசு மகள். தம்பி அலறும்போதெல்லாம் பார்க்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே பாதிக் குழந்தைத்தனம் போய்விட்ட பெண். தன் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிடவே மாட்டாள். நானும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காமலே தெரியும்.

பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் இடத்தில் வெளியே ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து உட்கார்ந்தே நாலு அம்மாக்கள் சிநேகிதமானோம். ஒருத்திக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள பதினைந்து வயசுப் பையன். இன்னொருத்திக்கு ஏழு வயசுப் பெண். ஆட்டிசம்தான், பேச்சே கிடையாது. மூன்றாமவளுக்கு ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்காத பத்து வயசுத் துறுதுறு பையன். ஒருநாள் பேச்சுவாக்கில் அந்தப் பதினைந்து வயசுப் பையனின் அம்மா, "தனித்தனியா போகத்தான நாம நாலு பேரும் பயப்படுறோம், சேர்ந்து போனா என்னக்கா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி.

மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் ஒவ்வொரு குடும்பமும் சீட்டு கட்டுகிற மாதிரி எட்டு மாதம் போட்டோம். முப்பத்திரண்டாயிரம் சேர்ந்தது. பெரியவர்கள் எட்டு பேர், பிள்ளைகள் ஏழு பேர். இந்த ஏழில் மூன்று பேர் அக்கா, அண்ணன், தங்கை என்று கூடப் பிறந்தவர்கள். பதினேழு சீட் வேன் ஒன்று பேசினோம். என் மாமியார் மட்டும், "ஊரான் வீட்டுப் பிள்ளைங்களை யாரு பார்ப்பா? நம்ம ஒண்ணையே மேய்க்க முடியல" என்று முணுமுணுத்தார். அப்புறம் "நானும் வர்றேன்" என்று முதல் ஆளாகப் பையைக் கட்டியதும் அவர்தான்!

லாட்ஜில் அறை எடுக்காமல் ஏன் கூடாரம் என்று கேட்பீர்கள். லாட்ஜில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவாரே என்று இராத்திரி முழுக்கப் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கணும். தோட்டத்துக்கு நடுவே கூடாரம் என்றால் அந்தப் பயம் இல்லை. ஓடலாம், கத்தலாம், மண்ணில் புரளலாம். சுற்றுச்சுவரும் கேட்டும் உள்ள இடமாக, ஏரியிலிருந்து தள்ளி இருப்பதாகப் பார்த்துத் தேடினோம். இது முக்கியம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. கண் அசந்தால் நேராக அதை நோக்கித்தான் நடப்பார்கள். ஆபத்து என்பதும் தெரியாது.

எங்கள் பிள்ளைகளுக்குப் புது இடம், புது ஆள் இரண்டுமே ஆகாது. அதனால் போவதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். முதல் வாரம் பழைய புடவைகளைக் கட்டி ஒரு கூடாரம். பிள்ளைகள் உள்ளே போய் வந்தார்கள். இரண்டாம் வாரம் உள்ளேயே உட்கார்ந்து சாப்பாடு. மூன்றாம் வாரம் நிஜக் கூடாரத்தையே வாடகைக்கு வாங்கி, இராத்திரி அதில் படுக்க வைத்தோம். இதற்குள் பிள்ளைகளுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குப் பழகிவிட்டது. வேன், மலைப்பாதை, கூடாரம், அங்குள்ள கழிவறை எல்லாவற்றையும் இடத்துக்காரரிடம் செல்போனில் படமாகக் கேட்டு வாங்கி, அச்செடுத்து, அட்டையில் வரிசையாக ஒட்டினோம். "இது முடிஞ்சா அது" என்று தினமும் காட்டினோம். கழிவறைப் படம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். புதுக் கழிவறைக்குள் நுழைய மாட்டேன் என்று நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பெற்றவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

காலாண்டுப் பரீட்சை லீவில், கூட்டம் குறைவாக இருக்கும் என்று திங்கள் முதல் புதன் வரை வைத்துக்கொண்டோம். சென்னையிலிருந்து ஏலகிரி சுமார் 230 கிலோ மீட்டர். ஒன்றரை மணிக்கு ஒருதரம் வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தோம். வழியில் ஒரு டீக்கடை வாசலில் பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்க, என் பையன் தரையில் உட்கார்ந்து அலற ஆரம்பித்துவிட்டான். "புள்ளையை அடக்கத் தெரியாதா?" என்றார் ஒருத்தர். வழக்கமாக இந்த இடத்தில் நான் அழுதுவிடுவேன். ஆனால் அன்றைக்கு என்னைச் சுற்றிப் பதினாலு பேர்! என் மாமியார் திரும்பி, "அடக்குறதுக்கு அவன் என்ன காளை மாடாய்யா? அவனுக்குச் சத்தம் ஒத்துக்காது. ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுவான், நீங்க டீயைக் குடிங்க" என்றாரே பார்க்கலாம். மனுஷர் வாயைத் திறக்கவில்லை.

மலையடிவாரத்துக்கு முன்னால் ஜோலார்பேட்டை ஜங்ஷன் வருகிறது. சென்னையிலிருந்து வரும் ரயில் பாதை பெங்களூருக்கும் சேலத்துக்குமாகப் பிரிகிற இடம். என் பையனுக்கு ரயில் என்றால் உயிர். பிளாட்பார டிக்கெட் எடுத்து முக்கால் மணி நேரம் உட்கார வைத்தோம். காதை மூடும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பெட்டிகளை எண்ணினான். நிற்காத அந்தத் துறுதுறு பையன் கூட, இவன் எண்ணுவதைப் பார்த்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஏலகிரிக்குப் போகும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், கடையேழு வள்ளல்கள் என்று பெயர் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் அட்டையில் பதினாலு வட்டம் போட்டிருந்தோம். ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் ஒரு பிள்ளை ஒரு வட்டத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டணும். எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று கண்ணுக்குத் தெரிந்ததால் "எப்ப வரும், எப்ப வரும்" என்ற தவிப்பு யாருக்கும் இல்லை. கடைசிப் பொட்டை என் மகன் ஒட்டினான். ஒட்டிவிட்டு "பதினாலு!" என்று வண்டியே அதிரும்படி கத்தினான். எல்லாரும் கை தட்டினோம். அவன் காதைப் பொத்தவில்லை, சிரித்தான்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பயணத்தின் சூட்சுமமே. ஒரு சிவப்புத் துண்டு கொண்டு போயிருந்தோம். அது யார் தோளில் இருக்கிறதோ, அந்த ஒரு மணி நேரம் அவர்தான் ஏழு பிள்ளைகளுக்கும் பொறுப்பு. செல்போன் பார்க்கக்கூடாது, சமைக்கக்கூடாது, தூங்கக்கூடாது. நேரம் முடிந்ததும் அடுத்தவர் தோளில் போட்டு, ஏழு பேரையும் எண்ணிக்காட்டி, "இனி உங்க பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லணும். பத்து பேர் இருக்கும் வீட்டில் "நீ பார்ப்பேன்னு நெனச்சேன்" என்றுதானே பிள்ளைகள் தவறிப்போகின்றன! அப்பாக்களுக்கும் இதில் விலக்கு கிடையாது. என்னவர் முதல்முறையாக அடுத்த வீட்டுப் பெண் குழந்தைக்குத் தலை பின்னிவிட்டார். கோணல் பின்னல்தான், ஆனால் பின்னினார். மற்ற நேரத்தில் நாங்கள் அம்மாக்கள் உட்கார்ந்து, சூடு ஆறாத காபியை நிதானமாகக் குடித்தோம். இதைப் படிக்கும் சிறப்புக் குழந்தையின் தாய்க்கு இந்த ஒரு வரி போதும், புரிந்துவிடும்.

சாப்பாட்டுக்கு ஒவ்வொரு பிள்ளையும் என்ன தின்னும், என்ன தின்னாது என்று ஒரே தாளில் எழுதி அடுப்புப் பக்கத்தில் ஒட்டிவைத்தோம். என் மகனுக்குத் தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். மூன்று நாளும் அதையே சாப்பிட்டான். யாரும் "ஒரு வாய் பிரியாணி ஊட்டிப் பாரேன்" என்று புத்தி சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டம் வருமுன் புங்கனூர் ஏரியில் படகு விட்டோம். எல்லாருக்கும் மிதவைச் சட்டை, ஒரு பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள். பேச்சில்லாத அந்தச் சிறு பெண் போக வர கையைத் தண்ணீரில் அளைந்தபடியே வந்தாள். அவள் அம்மா ஏரியைப் பார்க்கவே இல்லை, மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சுகமாகவே நடந்தது என்று சொன்னால் அது பொய். அன்று இராத்திரி இடியோடு மழை. கூடாரத் துணியில் மழை அடிக்கிற சத்தம் உள்ளே பறை அடிக்கிற மாதிரி கேட்டது. என் பையன் அலறித் தலையில் அடித்துக்கொண்டான். வேனை அதற்கென்றே பக்கத்தில் நிறுத்தியிருந்தோம். யாருக்குத் தாங்கவில்லையோ அவர்கள் போய் உட்கார ஓர் அமைதியான இடம். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பதினைந்து வயசுப் பையன் டார்ச் லைட்டோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை அணைப்பதும் போடுவதுமாக இருந்தான். என் மகன் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு அடங்கினான். துறுதுறு பையன் இரண்டு இராத்திரியும் கூடாரத்துக்குள் தூங்கவே இல்லை, வேன் சீட்டில்தான் படுத்தான். படுக்கட்டுமே! யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஆனால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் என் மகள் விஷயத்தில்தான். கூடப் பிறந்த பிள்ளைகள் மூன்று பேரும் இரண்டாம் நாளே தனிக் கூட்டணி ஆகிவிட்டார்கள். மழை விட்டு வானம் தெளிந்த பிறகு போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே உட்கார்ந்து நட்சத்திரம் பார்த்தார்கள். பக்கத்து ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில்தானே 1986-ல் பெரிய தொலைநோக்கி வைத்தார்கள்! அந்தப் பக்கத்து வானம் அவ்வளவு இருட்டு, அவ்வளவு துல்லியம். "உன் தங்கச்சியும் உன் நோட்டைக் கிழிப்பாளா?" "கிழிப்பா. உன் தம்பி?" "போன வருஷம் என் ரெக்கார்டு நோட்டே போச்சு!" என்று சொல்லி மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. வீட்டில் அழுகையாக இருந்த விஷயம் அங்கே சிரிப்பாகிவிட்டது. படுக்க வந்தபோது மகள் என்னிடம், "இங்க யாருக்கும் நான் தம்பியைப் பத்திச் சொல்ல வேண்டியதே இல்லம்மா" என்றாள். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் ஏது?

சிறப்புக் குழந்தைக்குப் பயிற்சி, பள்ளி, டாக்டர் என்று ஓடுகிறோம். நியாயம்தான். ஆனால் அதன் கூடப் பிறந்த பிள்ளைக்கும் தன்னைப் போல ஒரு துணை வேண்டும் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. சிறப்புக் குழந்தைக்கும் அப்படியே. அம்மாவைத் தவிர தன்னைத் தெரிந்த இன்னும் நாலு மனுஷர் உலகத்தில் இருக்கணும். நாளைக்கு நமக்குப் பிறகு என்ற கவலைக்கு மருந்து அதில்தான் ஆரம்பிக்கிறது.

நீங்களும் கிளம்புவதாக இருந்தால் சில யோசனைகள்:

* முதல் பயணம் ஒரே இராத்திரி போதும். பக்கத்து ஊராக இருக்கட்டும்.

* பெயர், உங்கள் போன் நம்பர், பேச்சு வராது என்ற விவரம் மூன்றையும் துணியில் எழுதிச் சட்டை உட்புறம் தைத்துவிடுங்கள்.

* யூ.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல் கையில் இருக்கட்டும். 2016-ஆம் வருஷச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்த 21 வகைக் குறைபாடுகள் வருகின்றன. இன்னும் அட்டை வாங்காதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

* தினசரி மருந்தை இரண்டு பையில் பிரித்து வையுங்கள். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

* மலைப்பாதையில் குரங்குத் தொல்லை உண்டு. தின்பண்டம் கையில் தெரியக்கூடாது.

* பார்க்க வேண்டிய இடம் என்று பட்டியல் போடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும்.

இப்போது எங்கள் மகன் சனிக்கிழமை வந்தால் அந்த வேன் படத்தை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைக்கிறான். சீட்டுப் பணத்தை மறுபடி கட்ட ஆரம்பித்துவிட்டோம். இந்த முறை ஐந்தாவதாக இன்னொரு குடும்பமும் கேட்டிருக்கிறது. உங்கள் ஊரிலும் பயிற்சி மையத்து வாசலில் ஒரு பெஞ்சு இருக்கும், அதில் உங்களைப் போலவே ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். நீங்களே முதலில் பேச்சுக் கொடுங்களேன்!

- ஒரு வாசகி, தாம்பரம்