கிராமுக்கு ஒரு டாலர்: கனடாவின் கஞ்சா வரியில் உள்ள கோளாறு

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமான சரக்கு. உருகுவேக்கு அடுத்தபடியாக நாடு முழுவதும் அதை அனுமதித்த இரண்டாவது நாடு கனடா. அங்குள்ள கஞ்சாச் சட்டத்தின் 7-வது பிரிவு நோக்கங்களைப் பட்டியலிடுகிறது: சிறார் கையில் சேராமல் தடுப்பது, கள்ளச்சந்தையை ஒடுக்குவது, நீதிமன்றங்களின் சுமையைக் குறைப்பது, தரம் சோதிக்கப்பட்ட சரக்கைத் தருவது, தீங்குகளை மக்களுக்கு எடுத்துச்சொல்வது. வருவாய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் கஞ்சாவின் விலை, வீரியம், அதை விளைவிப்பவரின் பிழைப்பு ஆகிய மூன்றையும் ஒருசேர ஆட்டிவைப்பது ஒரு வரிதான். உடல்நலம், பாதுகாப்பு, பொருளாதாரம் என்று தனித்தனியே பேசப்படும் விளைவுகளின் முடிச்சு அந்த வரியில் இருக்கிறது.

டொரன்டோவிலும் மான்ட்ரியாலிலும் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வரும் கடிதங்களில் "அரசே விற்கிறது என்றால் ஆபத்து இல்லை என்றுதானே பொருள்?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பொருள் அதுவல்ல. அது ஏன் என்பதை வரியின் கணக்கே காட்டிவிடும்.

வரி எப்படிப் போடப்படுகிறது?

காய்ந்த கஞ்சா மொட்டுக்கான கலால் வரி இரண்டு வகையில் கணக்கிடப்படுகிறது. ஒன்று, கிராமுக்கு ஒரு டாலர். அதில் 25 சென்ட் மத்திய அரசின் பெயரிலும் 75 சென்ட் மாகாணத்தின் பெயரிலும் வசூலாகிறது. மற்றொன்று, தயாரிப்பாளர் விற்கும் விலையில் பத்து சதவீதம். இரண்டில் எது அதிகமோ அதைத் தயாரிப்பாளர் கட்ட வேண்டும். சில மாகாணங்களில் இதற்கு மேலும் ஒரு தொகை சேரும்.

சட்டம் வந்த புதிதில் இந்த ஏற்பாட்டில் குறை தெரியவில்லை. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கனடா 2019-ன் முதல் காலாண்டில் திரட்டிய விவரப்படி, சட்டபூர்வக் கடையில் ஒரு கிராமின் சராசரி விலை 9.99 டாலர், கள்ளச்சந்தையில் 6.37 டாலர். தயாரிப்பாளர் கிராமைப் பத்து டாலருக்கு விற்றால், ஒரு டாலர் என்பதும் பத்து சதவீதம் என்பதும் ஒரே தொகைதான். கள்ளச்சந்தையை முறியடிக்க வேண்டுமானால் கடை விலை இறங்கியே ஆக வேண்டும். அப்படியே இறங்கியது. தயாரிப்பாளர் மூன்று டாலருக்கு விற்கும் கிராமுக்குப் பத்து சதவீதம் என்றால் 30 சென்ட்தான் வரி. ஆனால் "எது அதிகமோ அது" என்ற விதிப்படி அவர் ஒரு டாலர் கட்டியாக வேண்டும். பத்து சதவீத வரி, விதியில் ஓர் எழுத்தும் மாறாமலே முப்பத்து மூன்று சதவீதமாகிவிட்டது.

28 கிராம் பொட்டலம் நூறு டாலருக்கும் குறைவாகக் கடைகளில் கிடைக்கிறது. அதில் 28 டாலர் கலால் வரி. மாகாண மொத்த விற்பனை அமைப்பின் லாபம், கடைக்காரரின் பங்கு, விற்பனை வரி எல்லாம் இதற்குப் புறம்பு. விதைத்து, வெட்டி, உலர்த்தி, சோதித்து, பொட்டலம் கட்டியவருக்கு எஞ்சுவது மிகச் சொற்பம். பல நிறுவனங்கள் கலால் பாக்கியோடு நீதிமன்றத்தில் கடன் பாதுகாப்பு கோரி நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏற்றுமதியாகும் மருத்துவக் கஞ்சாவுக்கு இந்த வரி கிடையாது. அதனால் நிறுவனங்களின் கண் ஜெர்மனி, ஆஸ்திரேலியா பக்கம் திரும்பியிருக்கிறது.

வரிக்கும் வீரியத்துக்கும் என்ன தொடர்பு?

தொழில் நசிவதைவிடக் கவலைக்குரியது இந்த வரியின் இன்னொரு பக்கம்.

கனடா கஞ்சாப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணில் படுபவை நான்கு. மஞ்சள் கட்டத்துக்குள் சுகாதார எச்சரிக்கை. சிவப்பு எண்கோணத்துக்குள் இலைப் படமும் டி.எச்.சி. என்ற எழுத்துகளும். மாகாணத்தின் பெயர் தாங்கிய கலால் வில்லை. கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் டி.எச்.சி. என்ற குறிப்பு. போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள்தான். அந்தக் குறிப்பில் 100 என்று இருந்தாலும் 260 என்று இருந்தாலும், ஒரு கிராம் மொட்டுக்கு வில்லைக்குரிய வரி அதே ஒரு டாலர்.

தின்பண்டத்துக்கும் சாற்றுக்கும் விதி வேறு. 2019 மே முதல் அவற்றுக்கு டி.எச்.சி. ஒரு மில்லிகிராமுக்கு ஒரு சென்ட் வரி. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான 10 மில்லிகிராம் கொண்ட மிட்டாய்ப் பொட்டலத்துக்குப் பத்து சென்ட். 800 மில்லிகிராம் கொண்ட புகைக்குழல் சாற்றுக்கு எட்டு டாலர்.

இரண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினால் கோளாறு துலங்கும். 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மிட்டாயில் பத்து சென்ட் வரி. பத்து சதவீத வீரியமுள்ள மொட்டிலும் பத்து சென்ட். 26 சதவீத வீரியமுள்ள மொட்டிலோ நான்கு சென்ட்டுக்கும் குறைவு. வீரியம் ஏற ஏற, போதையின் அளவுக்கு விழும் வரி இறங்குகிறது. மென்மையான சரக்கை விளைவிப்பவருக்கு வரியில் எந்தச் சலுகையும் இல்லை. வாங்குபவரும் காசுக்கு எது அதிகம் ஏறும் என்றே பார்க்கிறார். 1980-களில் மூன்று சதவீத அளவில் இருந்த வீரியம், இன்று கடை அலமாரிகளில் இருபதைத் தாண்டுவது சாதாரணம். வளர்ப்பு முறைகளின் முன்னேற்றமே இதற்கு முதல் காரணம். ஆனால் அந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் போட்டிருக்க வேண்டிய வரி, அதற்குத் துணைபோகிறது.

வீரியத்துக்கே வரி போட்டால் தீருமா?

சொல்வது எளிது, அளப்பது கடினம். ஒரே செடியின் மேல்மொட்டும் கீழ்மொட்டும் ஒரே அளவு டி.எச்.சி. கொண்டிருப்பதில்லை. பரிசோதனைக் கூடத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் கொடுப்பவர் தயாரிப்பாளர். வீரியம் விலைபோகிறவரை எண்ணைக் கூட்டிக் காட்டும் ஆசை இருக்கும். வீரியத்துக்கு வரி வந்தால் குறைத்துக் காட்டும் ஆசை வரும். குறைத்துக் காட்டிய சரக்கை நம்பிப் புகைப்பவருக்குத்தான் ஆபத்து. நியூயார்க் மாநிலம் வீரியத்தை வைத்து வரி விதித்துப் பார்த்து, 2024 ஜூனில் அதைக் கைவிட்டு மொத்த விலையில் ஒன்பது சதவீதம் என மாற்றிக்கொண்டது. இல்லினாய் மாநிலம் நடுவழி ஒன்றைப் பிடித்தது: 35 சதவீத டி.எச்.சி. வரை பத்து சதவீத வரி, அதைத் தாண்டினால் இருபத்தைந்து. படிக்கட்டு முறையில் ஒவ்வொரு மில்லிகிராமையும் துல்லியமாக அளக்கத் தேவையில்லை. சரக்கு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும். கடை அலமாரியிலிருந்தே மாதிரி எடுத்து அரசு சோதிக்கும் ஏற்பாடும் சேர்ந்தால், கனடாவுக்கும் அது பொருந்தும்.

கள்ளச்சந்தை ஒழிந்ததா?

சுருங்கியிருக்கிறது, ஒழியவில்லை. சுகாதாரத் துறையின் ஆண்டுக் கணிப்பில், பயன்படுத்துவோரில் எழுபது சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் சட்டபூர்வ வழியில் வாங்குவதாகச் சொல்கிறார்கள். "சொல்கிறார்கள்" என்பது இங்கே முக்கியம். கணிப்பில் பங்கேற்க முன்வந்தவர் தாமே தந்த பதில் அது. எடைபோட்டு அளந்த சந்தைப் பங்கு அல்ல. அதே கணிப்பில், கடந்த ஓராண்டில் கஞ்சா பயன்படுத்தியதாகச் சொன்னோர் 2018-ல் 22 சதவீதம், 2023-ல் 26 சதவீதம்.

குழந்தைகளுக்கு என்ன ஆனது?

தெளிவான சான்று கிடைத்திருப்பது இந்தக் கேள்விக்குத்தான். கஞ்சாத் தின்பண்டங்கள் 2019 கடைசியில் கடைக்கு வந்தபோது ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்கள் அனுமதித்தன. கியூபெக், சிறாரைக் கவரும் மிட்டாயையும் சாக்லேட்டையும் தடுத்தது. ஒரே நாடு, ஒரே சட்டம், இரு வேறு முடிவுகள். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை 2015 முதல் 2021 வரை கவனித்த ஆய்வு, கஞ்சா நச்சால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 581 நிகழ்வுகளைக் கணக்கெடுத்தது. சட்டம் வந்ததும் நான்கு மாகாணங்களிலும் இந்தச் சேர்க்கை கூடியது. தின்பண்டம் வந்த பிறகு மூன்று மாகாணங்களில் அது மேலும் இரட்டிப்பானது. குழந்தைகள் நச்சுப் பாதிப்பால் சேர்க்கப்பட்ட நிகழ்வுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கஞ்சாவால் என்ற நிலை வந்தது. கியூபெக்கில் அந்த இரண்டாவது ஏற்றம் இல்லை. குழந்தை திறக்க முடியாத மூடி, பத்து மில்லிகிராம் உச்சவரம்பு, எச்சரிக்கைக் கட்டம் ஆகியவை போதும் என்ற அதிகாரிகளின் வாதத்துக்கு இந்த எண்களே பதில். பொட்டலத்தைப் பிரித்துச் சமையலறை மேடையில் வைத்துவிட்டால், உள்ளே இருப்பது எந்தக் குழந்தைக்கும் வெறும் மிட்டாய்.

மனநலம்?

ஒன்டாரியோவில் 2006 முதல் 2022 வரை சுமார் 1.36 கோடிப் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2025-ல் வெளியானது. புதிதாகக் கண்டறியப்பட்ட மனச்சிதைவு நோயில் கஞ்சா அடிமைத்தனத்தோடு தொடர்புள்ளவற்றின் பங்கு, சட்டத்துக்கு முன் 3.7 சதவீதமாக இருந்தது, பின் 10.3 சதவீதமானது. மனச்சிதைவின் மொத்த விகிதம் பெரிதாக ஏறவில்லை. தொடர்பு தெரிகிறது; காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது இளம் ஆண்களிடம். கியூபெக் 2020 ஜனவரியில் வாங்கும் வயதை 18-லிருந்து 21-ஆக உயர்த்தியது. தன் கடைகளில் வீரியத்துக்கு 30 சதவீத உச்சவரம்பும் வைத்திருக்கிறது.

சாலை?

பிரிட்டிஷ் கொலம்பியாவில் விபத்தில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களில், ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமோ அதற்கு மேலோ டி.எச்.சி. இருந்தவர்கள் சட்டத்துக்கு முன் 3.8 சதவீதம், பின் 8.6 சதவீதம். கனடா சட்டத்தில் 2 நானோகிராம் முதலே குற்றம். ஐந்தைத் தொட்டால் தண்டனை கடுமை. மதுவைப் போல ரத்த அளவும் தடுமாற்றமும் இங்கே ஒத்துப்போவதில்லை என்பதால், வரம்புக்குக் கீழே இருப்பவர் தெளிவாக இருக்கிறார் என்று கொள்ள முடியாது.

வேலைவாய்ப்பு?

ஒன்டாரியோவின் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரில், 2008-ல் மூடப்பட்ட ஹெர்ஷி சாக்லேட் ஆலையில் கஞ்சா நிறுவனமான கனோப்பி குரோத் தலைமையகம் அமைத்தது. 2018-ல் மதுபான நிறுவனம் ஒன்று அதில் 500 கோடி கனடா டாலர் கொட்டியது. 2023 பிப்ரவரியில் ஆலையை மூடும் அறிவிப்போடு 800 பேர் வேலையிழந்தார்கள். கட்டடத்தை ஹெர்ஷியே திரும்ப வாங்கிக்கொண்டது.

வருவாய் யாருக்கு?

கலால் வரியில் நான்கில் மூன்று பங்கு மாகாணங்களுக்கு. ஒன்டாரியோவில் மொத்த விற்பனையும் அரசு நிறுவனத்திடம், கியூபெக்கில் நம் டாஸ்மாக் போலச் சில்லறைக் கடையே அரசுடையது.

பழைய வழக்குகள்?

கையில் வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றவர்களுக்கு 2019 முதல் கட்டணமில்லா மன்னிப்பு உண்டு. தாமே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் முதல் இரண்டு ஆண்டுகளில் பெற்றவர்கள் சில நூறு பேர்தான்.

ஊருக்கு எடுத்து வரலாமா?

கூடாது, கனடா எல்லையைத் தாண்டிக் கொண்டுசெல்வதே அங்கு குற்றம், இங்கு 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பாயும்.

சட்டபூர்வம் என்ற சொல்லுக்கு, வாங்குபவரைக் காவல்துறை பிடிக்காது என்பதற்கு மேல் பொருள் இல்லை. கனடாவின் அனுபவத்தில் தீங்கைக் குறைத்தவை அனுமதியும் அல்ல, தடையும் அல்ல. கியூபெக் மிட்டாயைத் தடுத்தது போன்ற குறிப்பான முடிவுகள். எடையை விட்டு வீரியத்தைப் பார்த்து வரி விதிப்பது அடுத்து எடுக்க வேண்டிய முடிவு. கனடாவில் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் இருக்கும் வீடுகள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்: வீட்டில் யாராவது வாங்குகிறார் என்றால், அது பூட்டிய பெட்டியில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.