காதுக்கு எழுதியவர்

கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருக்கிறது. இலையில் சாதம் விழுந்தாயிற்று, அடுத்தது சாம்பார். அந்தச் சாம்பாருக்குள் ஒரு மீன் விழுந்து கிடக்கிறது. பந்தியில் இருப்பவர்களோ மீன் வாடையே படாதவர்கள். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரனுக்குக் கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தின் இந்தக் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. மீனே வாழ்க்கையாக இருக்கிற ஒரு ஊரில் உட்கார்ந்து இதைப் பார்க்கும்போது மட்டும் அதன் ருசியே வேறு.

பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் பக்கம் பகல் வேளையில் நடந்தால், பல வீட்டுத் திண்ணைகளில் வலை விரிந்து கிடக்கும். ஏரியின் முகத்துவாரப் பக்கம் இறால் பிடிக்க இங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்தக் குழு எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். முறை இல்லாத நாளில் தொழில் இல்லை என்று அர்த்தமில்லை. அன்றைக்குத்தான் வலை வேலை. உள்ளே டிவி ஓடும், வெளியே திண்ணையில் ஊசி ஓடும்.

அப்படி ஒரு திண்ணையில்தான் சாம்பார் மீனைப் பற்றிய பேச்சைக் கேட்டேன். உள்ளே காமெடி சேனலில் அந்தக் காட்சி வந்ததும் பெரியவர் ஒருவர் தலை நிமிராமலே சிரித்தார். எத்தனை வாட்டி பார்த்திருப்பீர்கள் அண்ணே என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரு கணக்கு வெச்சா தம்பி? ஆனா கடைசி வரைக்கும் அது இன்னா மீனுன்னு சொல்லவே மாட்டான். மடவையா இருந்தா சாம்பாரு நல்லாத்தான் இருந்திருக்கும்!"

சுற்றி இருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். யாருடைய கையும் நிற்கவில்லை. இதை எழுதினது யார் தெரியுமா என்றதற்கு, "கமல் படம்பா" என்று பதில் வந்தது.

கமல் படம்தான். இயக்கியவர் சிங்கீதம் சீனிவாச ராவ், இதே ஏரிக்கு வடக்கே இருக்கும் நெல்லூர் மாவட்டத்துக்காரர். ஆனால் திண்ணையில் இருந்தவர்களைச் சிரிக்க வைத்த அந்தப் பேச்சு மோகன் ரங்காச்சாரி எழுதியது. ஊரறிந்த பெயரில் சொன்னால், கிரேஸி மோகன்.

1952 அக்டோபர் 16 அன்று பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தார். கல்லூரி நாளிலேயே 'கிரேட் பேங்க் ராபரி' என்று ஒரு குறுநாடகம் எழுதி நடித்து, அதற்கான பரிசை விருந்தினராக வந்திருந்த கமல்ஹாசன் கையால் வாங்கினார். அப்போது இருவருக்கும் தெரிந்திருக்காது, பின்னாளில் பத்துப் படங்களுக்கு மேல் சேர்ந்து வேலை செய்யப்போகிறோம் என்று. 1976இல் எஸ்.வி.சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். அந்தத் தலைப்பிலிருந்த 'கிரேஸி' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது, கடைசி வரை விட்டுப் போகவில்லை. சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், 1979இல் தம்பி பாலாஜியோடு சேர்ந்து 'கிரேஸி கிரியேஷன்ஸ்' தொடங்கினார். அண்ணன் எழுத, தம்பி நடிக்க, தம்பியின் பெயரே 'மாது' பாலாஜி ஆகிவிட்டது. நாடகம் எதுவானாலும் நாயகன் மாது, நாயகி ஜானகி. சின்ன வயதில் தன்னை மேடையேற்றிய ஆசிரியை ஜானகிக்கு அவர் செலுத்திய குரு காணிக்கை அது. வாழ்நாள் முழுவதும் ஒரு டீச்சரின் பெயரைத் தன் ஒவ்வொரு கதாநாயகிக்கும் வைத்த எழுத்தாளர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அவரைப் பற்றிய செய்திகளில் என்னை மிகவும் தொட்டது இதுதான்.

அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை கே.பாலசந்தர் 1983இல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார். கவிஞர் வாலி நடித்த படம். பிறகு வந்தவை எல்லோரும் அறிந்தவை: அபூர்வ சகோதரர்கள், மகளிர் மட்டும், சதி லீலாவதி, அவ்வை சண்முகி, காதலா காதலா, தெனாலி, பஞ்சதந்திரம், வசூல்ராஜா. பட்டியலைப் படிக்கும்போதே உதட்டோரம் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் பழவேற்காடு போன்ற ஊருக்கு அவர் வந்து சேர்ந்த வழி சபா மேடையும் இல்லை, பெரும்பாலும் தியேட்டரும் இல்லை. டிவிதான். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்று தெருவுக்கு ஒரு பெட்டி முன்னால் ஊரே கூடிய காலம் அது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் டிக்கெட் வாங்கிப் பார்த்த நாடகக்காரர்களை, சபா வாசலை மிதித்தே இராத மக்கள் இலவசமாகப் பார்த்தார்கள். 1993இல் சன் டிவி வந்தது, கேபிள் வந்தது. ஜெயா டிவியில் மோகன் குழுவின் 'விடாது சிரிப்பு' வந்தது. 2006இல் தொடங்கி அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த பிறகு குப்பத்துக் குடிசைகளுக்குள்ளும் பெட்டி வந்துவிட்டது. காமெடி சேனல்கள் நாள் முழுக்க ஓட ஆரம்பித்தன.

இந்த இடத்தில்தான் ஒன்றைச் சொல்ல வேண்டும். வலை பின்னுகிறவருக்குக் கண்ணும் கையும் வலையில்தான் இருக்கும். கிழிந்த இடத்தில் நைந்த நூலை அறுத்துவிட்டு, எந்தக் கண்ணில் தொடங்கி எந்தக் கண்ணில் முடிச்சுப் போட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஊசியை விட வேண்டும். ஒரு கண் தப்பினால் வலை இழுபடும், இறால் தப்பிவிடும். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் பின்னுவதில் பேர் போனவர்கள். அங்கேயும் அதே கதை. சாயம் ஏற்றிய ஓலைக்கீற்று மேலும் கீழும் மாறிப் போகும்போது பார்வையை எடுக்க முடியாது. இவர்களுக்கு டிவி என்பது முக்கால்வாசி கேட்கிற பொருள். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது.

கிரேஸி மோகன் அந்தக் காதுக்கு எழுதியவர். ஒருவர் கீழே விழுவதையோ அடி வாங்குவதையோ ரசிக்க வேண்டுமானால் தலை நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். மோகன் காமெடிக்கு அது தேவையில்லை. ஒருவர் ஒரு வார்த்தையை விடுவார். எதிராளி அதை வேறு அர்த்தத்தில் பிடிப்பார். விட்டவர் திருத்தப் போய் இன்னொரு குழப்பத்தை உண்டாக்குவார். நடுவில் மூன்றாவது ஆள் புகுந்து, இருவர் சொன்னதையும் சேர்த்துப் புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்வார். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வசனம் போய்விடும். அதனால்தான் அவர் வசனத்தை ஒரு தடவை கேட்டால் போதாது. முதல் தடவை சிரிப்பில் அமுங்கிப் போனது இரண்டாவது தடவை கேட்கும். மூன்றாவது தடவை, பின்னால் நிற்கிற ஆள் முணுமுணுப்பதும் கேட்கும். மறு ஒளிபரப்பிலேயே ஓடும் காமெடி சேனலுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து இல்லை.

'அபூர்வ சகோதரர்க'ளில் இன்ஸ்பெக்டர் ஜனகராஜிடம் கான்ஸ்டபிள் ஆர்.எஸ்.சிவாஜி சொல்லும் "சார், நீங்க எங்கேயோ போயிட்டீங்க" வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் பார்த்தால் அதில் நகைச்சுவையே இல்லை, ஒரு பாராட்டுதான். மொக்கையான ஒரு துப்பறிதலுக்குப் பிறகு, முகம் மாறாமல், அந்தப் பணிவான குரலில் வரும்போது அது வெடிக்கிறது. இன்றைக்கு ஏரிக்கரையில் ஒருவர் படகு இன்ஜினைக் கழற்றித் திரும்பப் பூட்டத் தெரியாமல் முழித்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்வது இதைத்தான்.

பஞ்சதந்திரம் இந்த ஊருக்கு இன்னும் நெருக்கம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. மீன் விற்கவும் பெண் கொடுக்கவும் எடுக்கவும் இரண்டு மொழியும் புழங்குகிற கரை இது. படத்தில் ஸ்ரீமன் நடித்த ரெட்டி தெலுங்கும் தமிழும் கலந்து பேசும்போது மற்ற ஊர்க்காரர்கள் உச்சரிப்புக்குச் சிரிப்பார்கள். இங்கே அப்படிப் பேசும் சொந்தக்காரர்களை நினைத்துச் சிரிக்கிறார்கள். பாலக்காட்டுத் தமிழ், 'சதி லீலாவதி'யில் கொங்குத் தமிழ், 'தெனாலி'யில் ஈழத்தமிழ் என்று ஒவ்வொரு பேச்சையும் மோகன் நகைச்சுவைக்குப் பயன்படுத்தினார். அந்தப் பேச்சு பேசுகிறவரை மட்டம் தட்டப் பயன்படுத்தவில்லை. சாம்பார் காட்சியிலும் மீன் கேலிக்குரியது இல்லை. அதை மறைக்கப் படாதபாடு படும் சமையல்காரர்களின் பயம்தான் சிரிப்பு. காமேஸ்வரனாகக் கமலும், மணி ஐயராக 2024இல் மறைந்த டெல்லி கணேஷும் அந்தப் பயத்தை அப்படிப் பேசினார்கள். மீன்காரர்களின் வாடையையும் சண்டையையும் வைத்தே காமெடி செய்த தமிழ் சினிமாவில், மீனவர்கள் முகம் சுளிக்காமல் சிரிக்க முடிந்த மீன் காமெடி இது. சின்ன விஷயம் இல்லை.

எல்லாமே உயரம் என்று சொல்ல மாட்டேன். பிற்கால நாடகங்கள் சிலவற்றில் வார்த்தை விளையாட்டுக்காகவே வார்த்தை விளையாட்டு வந்தது, கதை ஒரு மூலையில் காத்துக்கொண்டு நின்றது. நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடத்தை விட்டு அவருடைய மேடை அதிகம் வெளியே வரவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. தான் வளர்ந்த மந்தைவெளி, மயிலாப்பூர் பேச்சை அவர் எழுதினார், பிரமாதமாக எழுதினார்.

இப்படித் தான் வளர்ந்த இடத்துப் பேச்சை எழுதியவர், இங்கிலாந்தில் ஜான் சல்லிவன் என்று ஒருவர் இருந்தார். தெற்கு லண்டன் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. பிபிசியில் அரங்கப் பொருட்களைத் தூக்கி வைக்கிற வேலை பார்த்தவர். தன் தெருச் சந்தையில் கேட்ட பேச்சை வைத்து 1981இல் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' என்ற டிவி நகைச்சுவைத் தொடரை எழுதினார். 1996 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த அதன் ஒரு பகுதியை 2 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். 2011இல் அவர் இறந்தபோது அவர் பெயர் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். நடிகர்களைப் போலவே எழுதியவரையும் சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம் அது.

நமக்கு அந்தப் பழக்கம் போதவில்லை. மோகன் 2019 ஜூன் 10 அன்று மாரடைப்பால் இறந்தார், வயது 66. அதே நாளில் கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாடும் மறைந்தார். நாடகக்காரர்கள் இருவரை ஒரே நாளில் இழந்தோம். நகரத்தில் அன்று எல்லோரும் மோகனைப் பற்றிப் பேசினோம். ஆனால் அவர் வசனத்தைத் தினமும் கேட்கிற திண்ணைக்கு அவர் பெயர் போய்ச் சேரவில்லை. காரணம் எளிது. காமெடி சேனலில் காட்சி நடுவிலிருந்து தொடங்கி நடுவில் முடிகிறது. பெயர்கள் வருகிற படத்தின் தொடக்கம் வருவதே இல்லை. பாட்டு ஓடினால் இசை யார், பாடியது யார், எழுதியது யார் என்று கீழே போடுகிற சேனல்கள், காமெடி ஓடும்போது படத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கின்றன. வசனம் எழுதியவர் பெயரையும் போட ஒரு வரி இடம் போதும். இதைச் செய்ய வேண்டும் என்று சேனல்காரர்களை உரிமையோடு கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. மாது பாலாஜி இன்னும் அண்ணனின் நாடகங்களை மேடையேற்றிக்கொண்டுதான் இருக்கிறார். 'சாக்லேட் கிருஷ்ணா'வுக்கும் 'மீசை ஆனாலும் மனைவி'க்கும் பெரிய அரங்க அமைப்பு வேண்டாம். ஒரு சோபா, ஒரு கதவு, நல்ல மைக் இருந்தால் நடத்திவிடலாம். சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சுமார் 60 கிலோமீட்டர்தான். ஒரு சாயங்காலம் அந்தக் குழு இங்கே வர வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். பாடு இல்லாத குழு முன்வரிசையில் உட்காரட்டும். வலையை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லலாம், வேண்டுமானால் கொண்டும் வரலாம்.