தைலம் தொட்டால் ஜில்லென்று இருப்பது ஏன்?

ஊட்டிக்குப் போய்விட்டு வந்தவர்களின் பையைப் பிரித்தால் வர்க்கி இருக்கும், தேயிலைத் தூள் இருக்கும், கூடவே ஒரு சின்ன பாட்டிலில் நீலகிரித் தைலமும் இருக்கும். நெற்றியில் ஒரு சொட்டு தடவினால் போதும், ஜில்லென்று இருக்கும். இத்தனைக்கும் அந்தப் பாட்டில் ஃப்ரிட்ஜில் இருந்ததில்லை, அலமாரியில்தான் இருந்தது. அப்புறம் எப்படிக் குளிர்கிறது?

தைலம் ஆவியாகும்போது தோலின் சூட்டில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்பது உண்மைதான். ஆனால் அதோடு கதை முடியவில்லை பிள்ளைகளே. தைலம் நம் நரம்பையும் ஏமாற்றுகிறது!

முதலில் மரத்தைப் பார்ப்போம். மலையில் இதைக் கற்பூர மரம் என்பார்கள். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 1843-ஆம் ஆண்டு கேப்டன் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் நீலகிரிக்குக் கொண்டுவந்தார். பிறகு விறகுக்காக மலைச்சரிவெங்கும் நட்டார்கள். இளங்கன்றின் இலை அகலமாக, வெண்பொடி படிந்த நீலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். மரம் பெரிதானதும் இலை நீண்டு, வளைந்து தொங்கும். அப்படி ஓர் இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து உற்றுப் பாருங்கள். ஊசிமுனை அளவில் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். இலையைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்ட மரம் சேர்த்து வைத்திருக்கும் எண்ணெய் அது.

தைலம் காய்ச்சும் கொட்டகையில் உதிர்ந்த இலைகளைப் பெரிய கொப்பரையில் அடைத்து, நீராவியில் வேகவைப்பார்கள். அந்த ஆவியைக் குளிரவைத்தால் தண்ணீரும் தைலமும் சேர்ந்து சொட்டும். தைலம் எடை குறைந்தது என்பதால் மேலே மிதக்கும். அதை வடித்தெடுப்பார்கள். வெந்த இலையை உலர்த்தி, அடுத்த முறை அடுப்புக்கே போட்டுவிடுவார்கள். தைலத்தில் பாதிக்கு மேல் இருப்பது சினியோல் என்ற வேதிப்பொருள். நரம்பை ஏமாற்றுவது இதுதான்.

எப்படி? நம் தோலில் வந்து முடியும் சில நரம்பு செல்களின் சவ்வில் ஒரு புரதம் பதிந்திருக்கிறது. பெயர் டிஆர்பிஎம்8. ஒரே மாதிரியான 4 புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து, நடுவில் ஒரு வழி விட்டிருக்கும். அந்த வழி ஒரு கதவு மாதிரி. சாதாரணமாக மூடியிருக்கும். தோலின் வெப்பம் ஏறத்தாழ 26 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் திறக்கும். உடனே கால்சியம், சோடியம் அயனிகள் செல்லுக்குள் பாயும். ஒரு மின்துடிப்பு கிளம்பி மூளைக்குப் போகும். மூளை, “ஐயோ, குளிருதே!” என்னும்.

ஜனவரி மாதம் தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது இந்தக் கதவைத் திறப்பது குளிர். புதினாவில் இருக்கும் மெந்தாலும் தைலத்தில் இருக்கும் சினியோலும் குளிரே இல்லாதபோதும் அதே புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதே கதவைத் திறந்துவிடும். திறந்தது யார் என்று மூளைக்குத் தெரியாது.

இந்தப் புரதத்தை 2002-இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவும் ஆர்டெம் படபூட்டியன் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தன. அதற்கு முன்பே, 1997-இல், மிளகாய்க் காரத்தையும் சுடு வெப்பத்தையும் உணரும் இன்னொரு புரதத்தை ஜூலியஸ் குழு கண்டுபிடித்திருந்தது. மிளகாய் கடித்தால் வாய் எரிவது அதனால்தான். சூட்டையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்று காட்டியதற்காக இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சரி, எல்லா உயிருக்கும் ஒரே குளிர்தானா? கோழியின் உடல் நம்மைவிடச் சூடு, சுமார் 41 டிகிரி. அதனுடைய டிஆர்பிஎம்8 கிட்டத்தட்ட 30 டிகிரியிலேயே திறந்துவிடுகிறது. எலிக்கு 25-ஐ ஒட்டி. உடலுக்கென்று சொந்தச் சூடு இல்லாத தவளைக்கு இன்னும் கீழே. அவரவர் உடம்புக்கு ஏற்ற அளவு!

இந்த அளவை யாரும் உட்கார்ந்து திருத்தி வைக்கவில்லை. பெற்றோரிடமிருந்து குட்டிக்கு மரபணு நகலாகும்போது அங்கங்கே ஓர் எழுத்து மாறிப்போகும். அதனால் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறும். பெரும்பாலான மாற்றங்களால் பயன் இல்லை. சிலவற்றால் கெடுதலும் உண்டு. எப்போதாவது ஒன்று அந்த விலங்கு பிழைக்க உதவும். அது சந்ததிகளில் பரவும். லட்சக்கணக்கான ஆண்டுகளில் இப்படிச் சேர்ந்ததுதான் பரிணாமம்.

அமெரிக்காவில் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் ஒரு தரையணில் இருக்கிறது. அதன் டிஆர்பிஎம்8 குளிரைச் சரியாக உணர்வதில்லை. இந்தப் புரதத்தில் ஏறத்தாழ 1,100 அமினோ அமிலங்கள் உண்டு. 2017-இல் எலேனா கிரச்சேவா குழுவினர் அவற்றில் 6-ஐ மட்டும் எலியினுடையதைப் போல மாற்றிப் பார்த்தார்கள். அணிலின் புரதம் குளிரை நன்றாக உணர ஆரம்பித்துவிட்டது!

இதே குடும்பத்தில் டிஆர்பிஏ1 என்று ஒரு புரதம் உண்டு. கடுகின் நெடி மூக்கில் ஏறுவதை நமக்குச் சொல்வது அது. குழிவிரியன் இனப் பாம்புகள் நீலகிரியிலும் உண்டு. அவற்றின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். அதே இனத்தைச் சேர்ந்த அமெரிக்கப் பாம்பு ஒன்றை 2010-இல் ஆராய்ந்தார்கள். அதன் குழியிலுள்ள நரம்புகளில் நிறைந்திருந்தது நமக்குக் கடுகு நெடி காட்டும் டிஆர்பிஏ1-தான்! இருட்டில் ஓடும் எலியின் உடல் சூட்டைப் பாம்பு அதைக் கொண்டே அறிகிறது. புதிதாக ஒன்றைச் செய்வதைவிட, இருப்பதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வதே பரிணாமத்தின் வழக்கம்.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. (தைலம் வேண்டாம். அதை வாயில் வைக்கவே கூடாது, நஞ்சு.) ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரை எடுத்து, அறை வெப்பமானி இருந்தால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் குடியுங்கள். பிறகு ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயைச் சப்பி முடித்துவிட்டு, அதே தண்ணீரை இன்னொரு வாய் குடியுங்கள். இப்போது ஐஸ் தண்ணீராக இருக்கும்! திரும்ப அளந்தால் வெப்பநிலை மாறியிருக்காது. மெந்தால் சேர்ந்துவிட்டதால் லேசான குளிருக்கே கதவு திறந்துகொள்கிறது, அவ்வளவுதான். வீட்டில் யாராவது, “தண்ணியில ஐஸ் போட்டியா?” என்று கேட்டால், டிஆர்பிஎம்8-தான் போட்டது என்று சொல்லுங்கள்.