கீ சிறிது, பளு பெரிது



மண்வெட்டிக் காம்பு ஆடினால் நாம் ஆப்பு அடித்து இறுக்குகிறோம். இயந்திரத்திலும் இதே கவலை உண்டு. தண்டு சுழலும்போது அதன்மேல் உள்ள சக்கரம் வழுக்கி நின்றுவிடக் கூடாது. ஆகவே தண்டிலும் சக்கரத்தின் குடத்திலும் பள்ளம் வெட்டி, இரண்டுக்கும் பொதுவாக ஓர் எஃகுத் துண்டை வைக்கிறார்கள். அந்தத் துண்டு 'கீ', பள்ளம் 'கீவே'.

அமெரிக்கப் பந்தயக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1938இல் வெளிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் எஞ்சின்களில் காற்றை உள்ளே தள்ளும் ஊதி ஒன்று இருந்தது. பந்தயக்காரர்கள் அதைப் பெட்ரோல் எஞ்சின்மேல் ஏற்றினார்கள். காற்று மிகுதியாகப் புகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், வலிமை கூடும். இதுவே சூப்பர்சார்ஜர்.

ஆனால் அது சும்மா சுழல்வதில்லை. கிராங்க் தண்டின் முன்முனையில் உள்ள குடம், பெல்ட் மூலம் அதை இழுக்க வேண்டும். பெரிய பந்தய எஞ்சின்களில் இதற்கே பல நூறு குதிரைத்திறன் செலவாகிறது. செவர்லே சிறிய வி-8 எஞ்சினில் அங்குள்ள கீயின் அகலமோ 3/16 அங்குலம். ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. விசிறிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் அது போதும். இந்தப் பளுவுக்குப் போதாது. கீ அறுந்தால் குடம் தனியே சுழன்று, விலை உயர்ந்த தண்டையே அரித்துவிடும்.

ஆகவே அகலமான கீ வைப்பார்கள். அல்லது இரண்டாவது கீவே வெட்டுவார்கள். தண்டை மில்லிங் மெஷினில் 'வி' கட்டைகள்மேல் கிடத்தி, மட்டம் பார்ப்பார்கள். வெட்டுக்கத்தி தண்டின் நடுக்கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். தண்டின் பக்கத்தில் மெல்லிய காகிதத்தை வைத்து, கத்தி அதைத் தொட்டு இழுக்கும் இடத்தைக் குறித்து, அங்கிருந்து நடுவைக் கணக்கிடுவது பழைய பட்டறை வழக்கம். பிறகு சிறிது சிறிதாக வெட்டுவார்கள்.

பள்ளம் கோணலானால் கீயின் ஒரு முனை மட்டுமே பளுவைத் தாங்கும். பள்ளம் தளர்ந்தால் கீ ஆடி ஆடித் தேயும். அடி மூலை கூர்மையாக இருந்தால் அங்கிருந்தே விரிசல் தொடங்கும். ஆகவே மூலையைச் சற்று உருட்டிவிட வேண்டும்.

கீயை மட்டும் நம்பவும் கூடாது. குடத்தின் துளையைத் தண்டைவிட மயிரிழை சிறிதாகக் கடைந்து, சூடாக்கி ஏற்றுவார்கள். ஆறியதும் குடம் தண்டைக் கவ்விக்கொள்ளும். பளுவின் பெரும்பகுதியை அந்தப் பிடிப்பே தாங்கும். கீ அதற்குத் துணை.

நேயர்களே, பட்டறை வேலை கற்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வைப்போம்: வெட்டிய இரும்பு மீண்டும் வளராது. அளப்பதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அது வீண் அல்ல.